தேசப்படத்திலே ஒரு கோடு

வெளிநாட்டு உறவுகளை நடத்தும் பணியிலே அமைச்சரின் பெயரை உலகம் அறியும். தூதுவரின் பெயரை அவர் வாழும் தலைநகர் அறியும். இவ்விருவருக்கும் நடுவே, ஒரு பிராந்தியம் முழுவதன் அலுவல்களையும் தாங்கி நிற்கும் அதிகாரியைப் பெரும்பாலோர் அறியார். பல தலைநகர்களிலிருந்து வரும் தந்திகளை ஆராய்ந்து, உண்மை நிலை இதுவென்று மேலிடத்துக்கு எடுத்துரைப்பது அவர் கடமை. அக்கடமையின் அருமையையும் ஆபத்தையும் அறிய விரும்புவோர், அமெரிக்கரான டீன் றஸ்கின் வரலாற்றை நோக்கலாம்.

அமெரிக்க இராசாங்கத் திணைக்களம் தூரகிழக்குக்கெனத் தனிப்பிரிவொன்றை 1908ஆம் ஆண்டில் அமைத்தது. பிராந்தியவாரியாக எழுந்த பிரிவுகளுள் அதுவே முதலாவது. 1949இல் அதன் தலைமை உதவி இராசாங்கச் செயலாளர் தரத்துக்கு உயர்ந்தது. அவ்வாண்டிலேயே சீனத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர். சீனத்தை இழந்தவர் யார் என்ற கூக்குரல் வாஷிங்டனில் எழுந்தது. சீனத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, அதன் மொழியையும் மக்களையும் அறிந்திருந்த அதிகாரிகள் மீதே பழி விழுந்தது. இத்தகைய வேளையில், 1950 மார்ச் மாதத்தில், அதனினும் உயர்ந்த பதவியில் இருந்த றஸ்க், தாமே முன்வந்து ஒரு படி கீழிறங்கித் தூரகிழக்குப் பொறுப்பை ஏற்றார்.

கொரியாவுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அதற்கு முன்னரே தொடங்கியது. 1945 ஆகஸ்ட் 10ஆந் திகதி இரவு, யப்பான் சரணடையவிருந்த நேரத்தில், கொரியாவிலுள்ள யப்பானியப் படைகளை யார் எங்கே பொறுப்பேற்பது என்ற வினா எழுந்தது. கேணல் தரத்திலிருந்த றஸ்கிடமும் பொன்ஸ்ரீலிடமும் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட நேரம் 30 நிமிடம். கையிலிருந்தது நேஷனல் ஜியோகிரபிக் சங்கத்தின் தேசப்படம் ஒன்று. இருவரும் கொரிய விவகாரங்களிலே வல்லுநர் அல்லர். சியோல் நகரம் அமெரிக்கப் பகுதியில் அமையவேண்டும் என்பதை மனத்திற்கொண்டு, 38ஆம் அகலக்கோட்டைத் தெரிந்தனர். சோவியத் ஒன்றியமும் அதனை ஏற்றுக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானும் இரசியாவும் கொரியாவைப் பங்கிடுவது குறித்துப் பேசியபோது இதே கோடு அடிபட்டிருந்தது. அச்செய்தி தெரிந்திருந்தால் வேறொரு கோட்டைத் தெரிந்திருப்போம் என்று றஸ்க் பிற்காலத்திற் கூறினார். அறிந்தவர் ஒருவர் அவ்வறையில் இல்லாமையின் விளைவு அது.

1950 யூன் 20ஆந் திகதி, வடகொரியர் பெரும்போர் தொடுக்கும் அறிகுறி எதுவும் இல்லையென்று பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின்முன் றஸ்க் கூறினார். ஐந்தே நாளில் அவர் வரைந்த அக்கோட்டைக் கடந்து போர் வந்தது. விருந்தொன்றில் இருந்த அவர், செய்தி கிடைத்ததும் திணைக்களத்துக்கு விரைந்தார். ஐக்கிய நாடுகள் தாபனத்தின் பாதுகாப்புச் சபை மறுநாளே கூடியது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், அமெரிக்கப் படைகள் 38ஆம் அகலக்கோட்டைக் கடப்பின் சீனம் வாளாவிராது என்று பிரதமர் சூ என்லாய் பீக்கிங்கிலிருந்த இந்தியத் தூதுவர் பணிக்கரை நள்ளிரவில் அழைத்து எச்சரித்தார். அச்செய்தி வாஷிங்டனை அடைந்தது. ஆயினும் வெறும் மிரட்டலென்றே அங்கு கருதப்பட்டது. தூதுவர் நம்பத்தக்கவர் அல்லர் என்றும் சொல்லப்பட்டது. சில வாரங்களிற் சீனப் படைகள் களமிறங்கின. 1951 சனவரியிற் சியோல் மீண்டும் வீழ்ந்தது.

1951 மே மாதத்தில் நியூயோர்க்கில் உரையாற்றிய றஸ்க், பீக்கிங் அரசாங்கம் இரசியாவின் குடியேற்ற அரசு போன்றதென்று சாடினார். அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே சீனமும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று பகைத்துநின்றதை உலகம் கண்டது. சீனத்தை நேரில் அறிந்த அதிகாரிகளோ ஒருவர்பின் ஒருவராகப் பதவியிழந்தனர். அவர்களுள் ஒருவரான யோன் சேர்விஸ் 1951 டிசம்பரில் விலக்கப்பட்டார். அவ்விலக்கல் செல்லாதென உயர்நீதிமன்றம் தீர்த்தது 1957இலேதான். அதற்கிடையில் அவரது அறிவு அரசாங்கத்துக்குப் பயன்படாது போயிற்று.

றஸ்க் நேர்மையற்றவர் அல்லர். உழைப்பிலும் குறைந்தவர் அல்லர். போரைச் சீனத்துக்குள் விரிக்கக்கூடாதென்று நின்றோருள் அவரும் ஒருவர். எனினும், பிராந்தியத்துக்குப் பொறுப்பானவர் அப்பிராந்தியத்தை அறிந்தவர்களின் குரலைக் கேளாதபோது, தம் தலைநகரில் நிலவும் எண்ணத்தையே மேலிடத்துக்குத் திருப்பிச் சொல்பவராகிவிடுகிறார். 1961 முதல் 1969 வரை இராசாங்கச் செயலாளராயிருந்த காலத்தில், அதே எண்ணத்தை அவர் வியட்நாம் விவகாரத்துக்கும் கொண்டுசென்றார்.

கொரியப் போர்நிறுத்தம் 1953 யூலை 27ஆந் திகதி கைச்சாத்திடப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மாண்டபின் அமைந்த எல்லை, பழைய கோட்டை அடுத்தே செல்கிறது. ஏறக்குறைய 4 கிலோமீற்றர் அகலமான படைநீக்க வலயமாக இன்றும் அது கொரியரைப் பிரித்து நிற்கிறது. அரைமணி நேரத்தில் வரையப்பட்ட கோட்டினை அழிக்க எண்பது ஆண்டுகளும் போதவில்லை.