ஒற்றைக் கொக்கி

குழந்தைகளுக்கான கடைகளில் அண்மைக் காலமாக ஒரு வகைப் பொம்மை கண்ணில் படுகிறது. தடித்த உல்லன் நூலால் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த ஆமை, முயல், தொப்பியணிந்த கரடி. வேடிக்கையான முகம், பெருத்த தலை, குட்டைக் கால்கள். ஆலையில் செய்த பொருளென்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இதை ஆலையில் செய்ய இயலாது. குரோஷே என்னும் இப்பின்னலை இயந்திரத்தால் செய்யும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடந்திருக்கின்றன. ஆயினும் சந்தைக்கு வரும் ஒவ்வொரு குரோஷேப் பொம்மையும், அது எத்துணை மலிவானதாயினும், யாரோ ஒருவர் மணிக்கணக்கில் அமர்ந்து கையால் பின்னியதே.

இதற்கான காரணம் பின்னலின் அமைப்பிலேயே உள்ளது. இரண்டு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியில் காத்திருக்கும். இயந்திரம் அவ்வரிசையை எளிதில் கையாளும். குரோஷேயில் கொக்கியின்மேல் பெரும்பாலும் ஒரே கண்ணிதான் திறந்திருக்கும். கொக்கியை முன்பே முடிந்த எந்தக் கண்ணியிலும் நுழைக்கலாம், எத்திசையிலும் திரும்பலாம். ஒரு வளையத்தில் 6 கண்ணிகளுடன் தொடங்கி, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18 என்று கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் உருவாகும். கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் கிண்ணமாகும். பின்னர்க் குறைத்துக்கொண்டே வந்தால் கிண்ணம் பந்தாக மூடும். வாய் மூடுமுன் பஞ்சை அடைக்க வேண்டும். பொம்மையின் தலை, உடல், கை, கால் எல்லாம் இக்கணக்கின் வேறுபாடுகளே. சப்பானியர் இக்கலையை வளர்த்து அதற்கு 'அமிகுருமி' என்று பெயரிட்டனர். பின்னலைக் குறிக்கும் சொல்லும் பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் சொல்லும் இணைந்த பெயர் அது.

குரோஷே மிகப் பழமையான கலை என்று சிலர் எழுதுவதுண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் லிஸ் பாலுடான் தேடியபோது, 1800-க்கு முன் ஐரோப்பாவில் அது வழங்கியதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. 1824-இல் ஆலந்து நாட்டின் 'பெனலோப்' என்னும் இதழில் இதற்கான மாதிரிகள் அச்சாயின. கால் நூற்றாண்டுக்குள் இந்த இளங்கலையின்மேல் ஒரு பெரும்பாரம் வந்து விழுந்தது.

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை ஒரு நோய் தாக்கியது. ஏழை உழவர்களுக்கு அக்கிழங்கே மூன்று வேளை உணவு. 1841-இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, 1851-இல் ஏறத்தாழ 65 இலட்சமாகச் சுருங்கிற்று. சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறினர். வயல் கைவிட்ட வீடுகளில் பெண்களின் விரல்களே மிஞ்சிய முதலீடு. கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பித்தனர். வடக்கே குளோன்ஸ் ஊரில் அதே பணியைச் செய்தவர் கசாண்ட்ரா ஹேண்ட் என்னும் அம்மையார். அவர் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபைக் குருவின் மனைவி. சமயப் பிணக்குகள் மலிந்த நாட்டில், பசி இரு தரப்பையும் ஒரே கொக்கியைப் பற்றச் செய்தது. ரியேகோ டி லா பிராஞ்சார்தியேர் என்னும் பெண்மணி, வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த லேசுகளின் தோற்றத்தைக் குரோஷேயில் கொண்டுவரும் வழியைக் கண்டு, மாதிரி நூல்களை வெளியிட்டார். ஊசியால் இழைக்கும் லேசைவிட இது பன்மடங்கு விரைவாக முடிந்தது.

ஒருவர் ரோசாவைப் பின்னுவார், மற்றொருவர் திராட்சைக் குலையைப் பின்னுவார், மூன்றாமவர் அவற்றை வலையால் இணைப்பார். சில குடும்பங்கள் தங்கள் பூவடிவத்தை அயலாருக்குக் காட்டாமல் காத்தன என்பர். அதில் வியப்பென்ன? அது அவர்களது சோற்றுப்பானை அல்லவா?

நம் நாட்டிலும் இதற்கொரு கிளை உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் வேறு வகை. திண்டின்மேல் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது அது. குரோஷே லேஸ் வேர்கொண்ட இடம் ஆந்திரத்தின் நரசாபுரம். மறைப்பணியாளர்கள் வழியே ஏழைக் கிறிஸ்தவப் பெண்களிடம் வந்த இத்தொழில், பிற்காலத்தில் வீட்டைவிட்டு வெளியே வேலைக்குச் செல்லாத பிற சாதிப் பெண்களிடமும் பரவியது. மரியா மீஸ் என்னும் செர்மானிய அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் நூல் வெளியிட்டார். அவர் கண்டது கசப்பானது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னி உலகச் சந்தைக்குப் பொருள் தந்த அப்பெண்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவில்லை. ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசியர் என்றே வணிகர் கூறினர். அவ்வொரு சொல்லே கூலியைக் குறைக்கப் போதுமானதாயிற்று. ஏற்றுமதியின் ஆதாயம் ஆண்களின் கைக்குச் சென்றது. அயர்லாந்தில் பூ வேறு, இணைப்பு வேறு என்று பகுத்ததுபோல இங்கும் பகுத்தனர். அதனால், தான் பின்னிய பூ எந்த மேசை விரிப்பில் சேர்ந்தது என்பதைப் பலரும் கண்டதேயில்லை.

பொம்மையில் அத்தகைய பிரிவினை அரிது. பெரும்பாலும் ஒருவரே வளையம் தொடங்கி முகம் வரைக்கும் முடிக்கிறார். தடித்த நூல் இதற்கு உதவுகிறது. கண்ணிகள் பெரியவை, எண்ணிக்கை குறைவு; பழகிய கை ஒரு சிறு பொம்மையை ஓரிரு மாலைப் பொழுதில் முடித்துவிடும். ஆனால் மென்மயிர் போன்ற நூலாயின் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. விரல் நுனியால் தடவித்தான் அடுத்த துளையைக் கண்டறிய வேண்டும். பிழைத்தால் பிரிப்பதும் கடினம். கைக்குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் ஆகாது, பிய்ந்து தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலால் தைக்க வேண்டும். வாங்குவோர் தம் மகளின் சுருட்டை முடியும், பாட்டியின் மூக்குக் கண்ணாடியும் பொம்மைக்கு வேண்டுமென்று கேட்கின்றனர். ஒரு சிறு கண்ணாடியைப் பின்னித் தைக்க ஒரு காது பின்னும் நேரம் பிடிக்கும். விலைச்சீட்டில் அந்நேரத்துக்கென்று ஒரு வரி இருப்பதை நான் இன்னும் கண்டதில்லை.