கரிமீனும் அதன் அயலவரும்

சாய்ந்தமருதில் வளர்ப்பு மீன் கடை நடத்தும் என் மருமகன் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, பிளவர்ஹோர்ன் வாங்க வாற ஆக்களெல்லாம் இதோட வேற என்ன மீன் விடலாமெண்டு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ற?" என்றார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் மாறவில்லை. ஒன்றையும் விடவேண்டாம் என்பதே அதற்கான பதில், அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எல்லை வகுத்துக்கொண்டு வாழும் மீனுக்கு யாரை அயலவராக விடலாம் என்பதை ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். கேளாமலே அரசாங்கங்கள் விடை எழுதியுமிருக்கின்றன. இரண்டுமே நம் நாட்டு நீர்நிலைகளில் நடந்தவை.

கல்முனை என்றதும் எல்லைப் பிரச்சினை பற்றித்தான் எழுதப்போகிறேன் என எண்ணியவர்கள் மன்னிக்க வேண்டும். இது மீன்களின் எல்லை பற்றியது மட்டுமே. இதை மனிதர்மேல் ஏற்றிப் பொருள் கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மீன்களுக்கு அது அநியாயம்.

பிளவர்ஹோர்ன் 1990களில் மலேசியாவில் மனிதர் உருவாக்கிய கலப்பினம். மத்திய அமெரிக்க மீன்கள் சிலவற்றைக் கலந்து, நெற்றியில் திமில் போன்ற புடைப்பு வரும்படி பெருக்கினார்கள். வீட்டுக்கு அதிர்ஷ்டம் தரும் என்ற பேச்சும் சேர, 2000களில் ஆசியா முழுவதும் பரவியது. இதற்கு இயற்கையில் ஓர் ஆறோ குளமோ சொந்த இடமாக இல்லை. சொந்த இடம் இல்லாததற்கு இயல்பான அயலவரும் இல்லை. தொட்டி முழுவதும் தனக்கே என்று அது நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் அதே சிக்லிட் குடும்பத்தில், ஊரும் உறவும் உள்ள மீன் ஒன்று எங்கள் களப்பில் இருக்கிறது. சிங்களத்தில் கோரளிய என்பர். கேரளத்தில் கரிமீன், 2010 இல் அம்மாநிலம் அதைத் தன் அரச மீனாகவே அறிவித்தது. தமிழ்க் கரைகளில் மீனின் பெயர் துறைக்குத் துறை மாறுவதால், உலகெங்கும் உள்ள வாசகர்களுக்காகக் கரிமீன் என்ற பெயரையே இங்கு கொள்கிறேன். தட்டையான, அகன்ற உடல். பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் குறுக்குப் பட்டைகள். மேனியெங்கும் முத்துப் போன்ற புள்ளிகள். இதற்கு விரலளவேயான ஓர் உறவுமீனும் உண்டு. மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த நிறம், விலாவில் கறுப்புப் பொட்டு. மலையாளத்தில் பள்ளத்தி. இக்கட்டுரையில் அதனை மஞ்சள் கரிமீன் என்கிறேன்.

இரண்டுக்கும் அறிவியற் பெயரைத் தேடித் தந்தவர் பேர்லின் மருத்துவர் மார்கஸ் எலீசர் புளொக். பெரியதை 1790 இலும் சிறியதை 1795 இலும் விவரித்தார். அவருக்கு இந்திய மீன்களை அனுப்பியவர்களில் முக்கியமானவர் தரங்கம்பாடியில் வாழ்ந்த மதபோதகர் கிறிஸ்தோப் சாமுவேல் யோன். சோழமண்டலக் கரை வலைகளில் விழுந்த மீன்கள் ஜெர்மனிக்குப் பயணம் போய்ப் பெயர் பெற்றுத் திரும்பிய அக்கதையைத் தமிழில் யாராவது விரிவாக எழுதவேண்டும். தென்னாசியாவுக்குச் சொந்தமான சிக்லிட் இனங்கள் மூன்றே. இவ்விரண்டும் போக, மூன்றாவது கர்நாடகத்தின் ஆறுகளில் மட்டும் வாழ்வது. இவற்றின் மிக நெருங்கிய உறவினர் இருப்பது மடகாஸ்கரில்.

எங்கள் களப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, தன் தென்முனையில் கல்முனையின் மேற்கு ஓரத்தைத் தொடுகிறது. முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் ஏறும். மணல் அடைத்துக்கொண்டால் மழைநீரும் வயல்நீரும் தேங்கி உப்புக் குறையும். இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்குபவையே இங்கு நிலைக்கும். கரிமீன் தாங்கும்.

இனித் தொட்டிக்கு வருவோம். கண்ணாடிக்குள் யாரோடு யாரை விடுவது என்ற கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர் மீன்பிரியர் அல்லர், இரசாயனவியலாளர். லண்டனைச் சேர்ந்த ரொபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் தொட்டியிலிட்டார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850 இல் அதை அறிக்கையாக வெளியிட்டார். ஆக, தெரிந்தெடுத்து விடப்பட்ட முதல் தொட்டித் துணை என்று நத்தையைத்தான் சொல்லவேண்டும். 1853 இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை மீன் இல்லத்தைத் திறந்தது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி கொஸ் தம் நூலின் வழியாக 'அக்குவேரியம்' என்ற சொல்லைப் பரப்பினார்.

வாரிங்டனின் கணக்கில் காற்றும் கழிவும் இருந்தன, கோபம் இல்லை. அதைச் சேர்த்தவர் கொன்ராட் லோரன்ஸ். பவளப்பாறை மீன்களைத் தொட்டியிலும் கடலிலும் கவனித்த அவர், மீன் மிகக் கொடூரமாகத் தாக்குவது தன் இனத்தைத்தான் என்று 1963 இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஒரே உணவு, ஒரே மறைவிடம், ஒரே துணை ஆகியவற்றுக்குப் போட்டியிடுவது தன்னைப் போன்றதே அல்லவா? வேறு வடிவும் வேறு உணவும் உடையதை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவருடைய ஏனைய முடிவுகள், குறிப்பாக மனிதரைப் பற்றியவை, கடுமையாக மறுக்கப்பட்டுள்ளன. மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த ஒன்று போதும்.

1970களில் வார்ட், வைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இலங்கையில் இவ்விரு கரிமீன்களையும் ஆராய்ந்தனர். பின்னர் சமரக்கோன் என்ற இலங்கை அறிஞரும் வார்டுடன் சேர்ந்து எழுதினார். 1972 இல் வைமனும் வார்டும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய கரிமீனின் உடலிலும் செட்டைகளிலும் ஒட்டியிருப்பவற்றைச் சிறிய மஞ்சள் கரிமீன் கொத்தித் துப்புரவு செய்கிறது என்பதே அது. பவளப்பாறைகளில் இத்தகைய துப்புரவு மீன்கள் உண்டு என்பது முன்பே தெரிந்திருந்தது. களப்பின் கலங்கல் நீரிலும் அவ்வாறான ஏற்பாடு இருப்பதைக் காட்டியது இந்த ஆய்வு. மஞ்சள் கரிமீனின் குஞ்சுகள் பிறந்த சில நாட்களிலேயே தாய் தந்தையின் மேனியில் ஊறும் வழுவழுப்பை மேய்ந்து வளர்பவை. அப்படிப் பழகிய வாய்தான் அயலவரின் மேனியையும் நாடுகிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பள்ளிப் பாடநூலுக்கு ஏற்ற கதை. ஆனால் அதே மஞ்சள் கரிமீன், பெரிய கரிமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னக் காத்திருப்பதும் உண்டு. பெரிய கரிமீன் கல்லிலோ மூழ்கிய தடியிலோ முட்டைகளை ஒட்டிவைத்து, ஆணும் பெண்ணுமாகச் செட்டையால் நீரை விசிறிக் காவல் நிற்கும். மற்ற நாட்களில் அருகே வரவிட்ட மஞ்சள் கரிமீனை அந்நாட்களில் துரத்தும். துப்புரவு செய்பவனும் அவனே, பிள்ளை தின்னியும் அவனே.

தொட்டிக்கான விடை இதிலேயே இருக்கிறது. கரிமீன் எந்நேரமும் எல்லைக்காகச் சண்டையிடும் மீன் அன்று. இனம் பெருக்காத காலத்தில் கூட்டமாகத் திரியும். இணை சேர்ந்து முட்டையிடும்போதுதான் ஒரு கல்லைச் சுற்றி எல்லை போடும். எனவே 'எந்த மீனை விடலாம்' என்பதோடு 'எந்தக் காலத்தில்', 'எவ்வளவு இடத்தில்' என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். களப்பில் துரத்தப்பட்டது ஓடித் தப்பும். தொட்டியில் துரத்தப்பட்டது மூலையில் ஒதுங்கி, செட்டை கிழிந்து, உணவுக்கும் வர அஞ்சிச் சாகும். நான் கேட்டுப் பார்த்த வளர்ப்பாளர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்: இரண்டை மட்டும் வளர்த்தால் ஒன்று மற்றதைக் கொல்லும்; ஐந்தாறாக வளர்த்தால் கோபம் பங்கிடப்படும். கல்லும் மரவேரும் வைத்துப் பார்வையை மறைக்க வேண்டும். அளவிலும் நிறத்திலும் வேறுபட்டதையே துணையாக விடவேண்டும். இணை சேர்ந்துவிட்டால் மற்றவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். நீரில் சற்று உப்பு இருப்பது நல்லது. கரிமீன் தாவரமும் பாசியும் மேய்வது; அழகுக்கு நட்ட செடி மிஞ்சாது.

இவ்வளவும் கேட்டறிந்து செய்வது ஒரு வகை. கேளாமல் செய்த வரலாறும் உண்டு. 1952 இல் ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது 1939 அளவிலேயே ஜாவாவில் எப்படியோ தோன்றி, அங்கிருந்து ஆசியா முழுவதும் பரவிய மீன். எங்கள் பக்கத்தில் பலர் அதை ஜப்பான் மீன் என்பார்கள், தமிழ்நாட்டிலோ ஜிலேபி. ஆபிரிக்க மீனுக்கு ஒரு நாட்டின் பெயரும் ஓர் இனிப்பின் பெயரும்! 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியிருந்தது. பெரிய இயற்கை ஏரிகள் இல்லாத இலங்கையில், ஆற்றுக்குப் பழகிய சுதேச மீன்களால் இத்தகைய நீர்த்தேக்கங்களை முழுமையாக நிரப்ப இயலவில்லை. திலாப்பியா நிரப்பியது. நாட்டின் நன்னீர் மீன்பிடியில் பெரும்பங்கு இன்றும் அதனுடையதே. மலிவான புரதம் அதனால் கிடைத்தது. அந்த முடிவைக் குறைசொல்ல நான் தயங்குவேன்.

நீர்த்தேக்கத்தில் அது காலி வீட்டுக்கு வந்த குடியிருப்பாளன். களப்பில் அப்படியன்று, அங்கே ஏற்கெனவே கரிமீன் இருந்தது. திலாப்பியா ஆண் அடிமணலில் குழி பறித்து அதைக் காக்கும். பெண் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். ஆகவே குஞ்சு தின்னிகளிடமிருந்து தப்புவதில் அதற்கே வாய்ப்பு அதிகம். உப்பையும் தாங்கும், பாசியையும் மேயும். லோரன்ஸ் சொன்ன போட்டியாளனுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. இத்தகைய துணையை எந்தக் கடைக்காரரும் கரிமீன் தொட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டார்.

இதன்பின் வந்தவற்றுக்கு அரசாங்கத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. தொட்டியில் பாசி தின்னவென்று 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விற்கப்படும் தென்னமெரிக்க மீன் ஒன்று உண்டு. வாரிங்டனின் நத்தைக்கு வாரிசு என்று சொல்லலாம். சிறிதாக இருக்கும்போது சாது. வளர்ந்து முழ நீளமாகிக் கழிவைக் கொட்டும்போது வீட்டார் அதைப் பக்கத்து வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். இன்று அது இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் வலையில் ஏறுகிறது. எலும்புத் தகடு போர்த்த உடல்; விலை போவதில்லை; வலையைக் கிழிப்பதுதான் மிச்சம். தொட்டியிலிருந்து போன கத்தி மீன் ஒன்றும் 1990கள் முதல் நாட்டின் மேற்குப் பக்க நீர்நிலைகளில் நிலைகொண்டிருக்கிறது. பாவம் என்று கொல்லாமல் நீரில் விடுவதைப் புண்ணியமாக நினைக்கும் மனம் எல்லா மதத்தாரிடமும் உண்டு. அந்தப் புண்ணியத்தின் கணக்கை மீனவர்தான் செலுத்துகிறார்.

கிழக்கில் இது இன்னும் எளிதாக நடக்கும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை நீர் மூடும்போது வயல், வாய்க்கால், களப்பு என்ற பிரிவே இருக்காது. சம்மாந்துறைப் பக்கத்து வாய்க்காலில் கார்த்திகையில் விடப்பட்ட மீன் தை பிறக்கும்முன் களப்பில் நீந்தலாம்.

மருமகனிடம் இதையே வேறுவிதமாகச் சொன்னேன். பிளவர்ஹோர்னைத் தனியே விற்கட்டும். வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவருபவரிடமிருந்து அதைக் கடையே திரும்ப ஏற்கட்டும். கூட்டாக வளர்க்க விரும்புவோருக்கு மஞ்சள் கரிமீன் பத்தைக் காட்டட்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மேல்நாட்டார் விரும்பி வளர்த்த மீன் அது. அவர் தன் கடையில் அதை ஒருநாளும் வைத்ததில்லை. "அது நம்மட ஆத்து மீனல்லவா மாமா, அத ஆரு காசு குடுத்து வாங்குற?" என்றார்.