பகுத்தறிவு எவருக்கு உரியது?

மனிதன் பகுத்தறிவுடைய உயிர் என்பது மேலைநாட்டுத் தத்துவம் வகுத்த பழைய இலக்கணம். அவ்வறிவு எவரெவருக்கு உரியது என்னும் வினாவுக்கும் நெடிய வரலாறு உண்டு. அதனை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

தருக்கவியலை முறைப்படுத்தியவர் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதாக ஒரு முடிவைப் பிழையின்றிப் பெறும் நெறியை அவர் வகுத்தார். அவரே தமது ‘அரசியல்’ நூலில், ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் அடிமையிடம் அறவே இல்லை என்றும், பெண்ணிடம் இருந்தும் அதற்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதினார். அவர் தந்த அளவுகோலாலேயே இதனை அளந்து பார்ப்போம். மனிதர் அனைவரும் பகுத்தறிவுடையோர், அடிமையும் மனிதன், ஆகவே அடிமையும் பகுத்தறிவுடையோன். இம்முடிவை அவர் ஏற்றாரில்லை. சமூக வழக்கம் பேரறிஞரின் கண்ணையும் மறைத்துவிட்டது.

இதற்கு வரலாறே விடை பகர்ந்தது. அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸ், விடுதலை பெற்றபின் நிக்கோபொலிஸ் நகரில் தத்துவப் பள்ளி நடத்தினார். அவருடைய போதனைகளை மாணவர் அரியன் எழுதிவைத்தார். 1637இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட், மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் ஆற்றல் இயல்பில் எல்லோர்க்கும் சமமே என்றும், அறிவைச் செலுத்தும் வழிகளே வேறுபடுகின்றன என்றும் கூறினார். 1792இல் இங்கிலாந்தின் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களின் குறைபாடுகளுக்குத் தக்க கல்வி மறுக்கப்பட்டதே காரணம் என வாதிட்டார்.

கற்றோரும் தவறுவர் என்பதை 1966இல் பீட்டர் வேசன் என்னும் உளவியலாளர் அமைத்த புதிர் காட்டிற்று. நம் எழுத்தில் அதனைச் சொல்வோம். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். நமக்குத் தெரிவன அ, க, 4, 7. ‘ஒருபுறம் உயிரெழுத்தாயின் மறுபுறம் இரட்டைப்படை எண்’ என்னும் விதி மெய்யா என்றறிய எவற்றைத் திருப்ப வேண்டும்? பலர் அ, 4 என்பர். சரியான விடை அ, 7 ஆகும். 7க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி பொய்த்துவிடும். 4க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி பொய்க்காது. தாம் நம்பியதற்குச் சான்று தேடும் மனம், அதனைப் பொய்யாக்கக்கூடியதைத் தேட மறந்துவிடுகிறது.

1998இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இத்தகைய புதிரை அளித்தபோது, தனித்து முயன்றோரில் 100க்கு 9 பேரே சரியான விடை கண்டனர். கூடி விவாதித்த குழுக்களிலோ 100க்கு 75 வீதம் வெற்றி பெற்றன.

ஆதலின் இளைஞர்களே, சிந்திக்கும் உரிமைக்கு எவர் சான்றிதழும் நமக்குத் தேவையில்லை. அதற்குப் பயிற்சியே தேவை. படிப்பகத்தில் கூடுங்கள், ஒருவர் கூற்றுக்கு மற்றவர் காரணம் கேளுங்கள், தம் கூற்று பிழைபடும் இடத்தைத் தாமே தேடுங்கள். நல்ல சிந்தனை அவ்வாறுதான் வளரும்.