காவல்

‘கா’ என்ற வேரில் பிறந்த சொல் காவல். காப்பு, காவலன் எல்லாம் அதன் உறவுகள். அடைத்து வைப்பதற்கும் அதே சொல்தான். 2020-இல் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, அந்த இரண்டு பொருளும் மோதின. முன்பு மேலூர்க் கள்ளர் நாட்டில் ஊர் காவற்கூலி கொடுத்தது; மாடு களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். பொறுப்பு சொல்லுக்குள்ளேயே இருந்தது.

அது மிரட்டி வாங்கிய கூலி என்பார்கள். 1896-இல் மதுரைச் சீமையில் குடியானவர்கள் காவலை எதிர்த்து எழுந்ததும் உண்மையே. ஆனால் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளர்களிடம் கைரேகை கேட்டது. மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றது. கண்காணிப்போடு சேர்ந்தே வந்தாலும், அதே அரசின் கள்ளர் சீரமைப்புத் திட்டம்தான் பள்ளியும் கிணறும் கூட்டுறவுக் கடனும் தந்தது. அந்தப் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.