பெட்டிக்குள் வந்த வேறொரு நாட்

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுடன் மோதி உயிர்நீத்தார் நிர்மல் ஜித் சிங் சேகோன். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அன்று அவர் ஓட்டியது நாட் விமானம். பிரிட்டனின் ஃபோலண்ட் நிறுவனம் வடிவமைத்த இந்த ஒற்றை இருக்கைப் போர் விமானத்தை உரிமம் பெற்று பெங்களூரு எச்.ஏ.எல். தயாரித்தது.

அதை மேசைமேல் நிறுத்த விரும்பும் இந்திய மாடல் ஆர்வலருக்குப் பழைய பிளாஸ்டிக் கிட்கள் எளிதில் கைகொடுப்பதில்லை. மாடல் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1964இல் 1/72 அளவில் வெளியிட்டது இரண்டு பேர் அமரும் பயிற்சி நாட். பிரிட்டிஷ் விமானப்படை வாங்கியது அந்த வகையைத்தான். 1965 முதல் ரெட் ஆரோஸ் சாகசக் குழுவும் அதில் பறந்ததால் சிவப்பு நாட் உலகப் புகழ் பெற்றது. போர் விமான வகையைப் பெரும் எண்ணிக்கையில் பறக்கவிட்ட நாடு இந்தியா மட்டுமே.

பின் இருக்கையை மூடி வண்ணம் பூசினால் சரியாகிவிடுமா? ஆகாது. பயிற்சி விமானத்தின் இறக்கை வீச்சு 7.32 மீட்டர், போர் விமானத்துக்கு 6.73 மீட்டர்தான். மாடலில் அது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வித்தியாசம். உடலின் நீளமும் மாறும்.

அக்காலக் கிட்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் குறை சொல்லப்படுவது அவற்றின் புடைத்த ஆணித்தலைகளும் மேடான தகட்டுக் கோடுகளும்தான். காரணம் அச்சு வேலையில் இருக்கிறது. எஃகு அச்சில் கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். பள்ளக்கோடு வேண்டுமானால், கோட்டை மட்டும் விட்டுச் சுற்றியுள்ள எஃகைச் செதுக்கி எடுக்க வேண்டும், செலவு கூடும். மாடலில் அரை மில்லிமீட்டர் ஆணித்தலை என்றால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர்!

பள்ளக்கோடு மட்டுமே தரத்துக்குச் சான்றாகிவிடாது. 1973இல் விமானக் கிட்களுடன் வந்த மேட்ச்பாக்ஸ் நிறுவனம் அக்கோடுகளை வாய்க்கால்போல் ஆழமாக வெட்டியது. பின்னர் ஜப்பானிய நிறுவனங்கள்தான் மெல்லிய கோடுகளைப் பரவலாக்கின. 2010களில் ஏர்ஃபிக்ஸும் கணினி வடிவமைப்பில் புதிய நாட் கொண்டுவந்தது. அதுவும் பயிற்சி வகையே.

ஆணித்தலைக்காக மட்டும் பழைய கிட்டை ஒதுக்குவது அநியாயம். அதை உப்புத்தாள் ஒரே மாலையில் தேய்த்துவிடும். வடிவம் பிசகினால் அப்படித் திருத்த முடியாது. ஆகவே பழைய பெட்டி கிடைத்தால் முதலில் இறக்கைப் பாகங்களைச் சேர்த்து வைத்து அளக்க வேண்டும்: நுனிக்கு நுனி சுமார் 9.3 சென்டிமீட்டர் என்றால் சேகோன் ஓட்டிய வகை, 10.2 என்றால் ரெட் ஆரோஸ் வகை.