தனிக்காசும் சிதறிய புதையலும்: கிழக்கு இங்கிலாந்தின் பொற்காசுப் பதிவுகள் குறித்து ஒரு மறுப்பு

கிழக்கு இங்கிலாந்தின் உழவு நிலங்களில் கிடைக்கும் இரும்புக்காலப் பொற்காசுகளைப் பற்றி ஆய்வுலகில் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. புதையலாகச் சேர்ந்து கிடைத்தவற்றை ஒதுக்கிவிட்டு, ஒன்றொன்றாகக் கிடைத்த காசுகளை மட்டும் வரைபடத்தில் குறித்தால், உரோமர் அந்நாட்டைக் கைப்பற்றுவதற்கு முன்பே அங்கே பொன் கைமாறிப் புழங்கிய தடம் தெரியும் என்கிறது அது. அதே பரவலைக் கைதவறி விழுந்த பணமாகக் கொள்ளாமல், வயலில் தெய்வத்துக்கு இட்ட காணிக்கையாகக் கொள்வோரும் உண்டு. இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டாலும், இரண்டும் ஊன்றி நிற்கும் தரை ஒன்றுதான்: தனியாகப் பதிவான காசு மண்ணுக்குள் தனியாகவே போயிற்று என்ற நம்பிக்கை. பல இடங்களில் அது செல்லாது என்றே கருதுகிறேன். வெளிநாடுகளிலிருந்து மெட்டல் டிடெக்டரோடு வரும் பயணக் குழுக்கள் தேடிய நிலங்களில் அந்த நம்பிக்கைக்கு அநேகமாக ஆதாரமே இல்லை.

இங்கே சான்றாக நிற்பது கண்டெடுப்புகளின் பதிவேடு. ஆகவே பதிவேடு எப்படி உருவாகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1997இல் நடைமுறைக்கு வந்த 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம், 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள் எதுவானாலும், எடையில் பத்தில் ஒரு பங்காவது அந்த உலோகம் இருந்தால், அதைப் புதையல் என்கிறது. காசுக்கு மட்டும் விதி வேறு. ஒரே ஒரு பொன் மோதிரம் புதையல். ஒரே ஒரு பொற்காசு புதையல் அன்று. ஒரே கண்டெடுப்பைச் சேர்ந்த இரண்டு காசுகளாவது இருந்தால்தான் அது புதையலாகும். 2023இல் சேர்க்கப்பட்ட புதிய வகையும் சாதாரணத் தனிக்காசைத் தொடவில்லை. இதன் விளைவு பெரிது. காசு இரண்டானால் 14 நாளுக்குள் கரோனர் எனப்படும் விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் விரும்பினால் மதிப்பிடப்பட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும். ஒன்றானால் தெரிவிக்கும் கடமை இல்லை. நிலக்காரரும் கண்டெடுத்தவரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம். முன்பு ஒன்றாக இருந்து பின்னர் சிதறிய காசுகளையும் ஒரே கண்டெடுப்பாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அவை ஒன்றாக இருந்தவை என்று சொல்ல, இரண்டு காசுகளையும் அறிந்த ஒருவர் வேண்டுமே.

பயணக் குழுக்களின் தேடலில் அந்த ஒருவர்தான் இல்லாமல் போகிறார். எசெக்ஸிலும் சஃபோக்கிலும் ஏற்பாட்டாளர்கள் பண்ணையாரிடம் உரிமை பெற்று வைத்திருக்கும் வயல்களில், அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்தவர்கள் சில நாள் தேடிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அதே வயலுக்குப் பிறகு வேறொரு குழு வருகிறது. எசெக்ஸிலுள்ள கோல்செஸ்டர், அதாவது பழைய கமுலோடூனம், உரோமருக்கு முன் அங்கே ஆண்ட கூனோபெலின் மன்னனின் காசுச்சாலை இருந்த ஊர். ஸ்டேட்டர் எனப்படும் அவனுடைய பொற்காசு ஐந்தரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஒரு பக்கம் தானியக் கதிர், அதன் இருபுறமும் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள், மறுபக்கம் பாயும் குதிரை. அப்படியொரு காசை இந்த ஆண்டு ஒருவர் எடுக்கிறார். நான்கு ஆண்டு கழித்து, ஐம்பது தப்படி தள்ளி, வேறொரு நாட்டவர் இன்னொன்றை எடுக்கிறார். இருவரும் நேர்மையானவர்களே. ஆனால் பதிவேட்டில் விழுவது இரண்டு எண், இரண்டு தேதி, இரண்டு தனிக்காசு. ஆண்டுக்கணக்கில் ஒரே வயலில் நடக்கும் உள்ளூர்க்காரராக இருந்தால், முதல் காசு கிடைத்த வரப்பு அவர் நினைவில் இருக்கும். இரண்டாவது கிடைத்ததுமே அவருக்குச் சந்தேகம் தட்டும்.

இதற்கு வலுவான மறுமொழி ஒன்று உண்டு. பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த, 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும். ஆகவே சட்டப்படி நடக்கும் வெளிநாட்டவரின் காசு, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் பதிவுத் திட்டத்தின் பார்வைக்கு வராமல் கப்பலேறாது. தானாக முன்வந்து காட்டினால்தான் உண்டு என்ற நிலையில் இருக்கும் உள்ளூர்க்காரரின் காசைவிட, இது நன்றாகவே பதிவாகிறது என்று சொல்லலாம். மறுக்கவில்லை. எனினும் அங்கே பதிவாவது பொருள் மட்டுமே, தேடல் பதிவாவதில்லை. எத்தனை பேர் எத்தனை மணி நேரம் நடந்தார்கள், இரும்பின் ஓசையை வடிகட்டிவிட்டுத் தேடினார்களா, முந்தைய குழு எந்த மூலையைத் துழாவியது என்ற எதுவும் அந்தத் தாளில் இல்லை. காசைப் பற்றிய செய்தி பிழைக்கிறது. காசுகளுக்கிடையிலான உறவு போய்விடுகிறது. நமது விவாதம் அந்த உறவைப் பற்றியது.

2008இல் சஃபோக்கின் விக்கம் மார்க்கெட் அருகே கிடைத்த புதையலில் 840 பொன் ஸ்டேட்டர்கள் இருந்தன. காசுகள் இருந்த கலம் பெரும்பாலும் ஓரிடத்தில் தங்கியதாலும், தொல்லியலாளர்கள் முறையாக அகழ்ந்ததாலும் அது புதையலாக அறியப்பட்டது. அதைவிடச் சிறிய கலம் ஒன்று, முப்பது காசு கொண்டதாக வைத்துக்கொள்வோம், ஏர்முனையில் உடைந்து, பல தலைமுறை உழவில் வயலெங்கும் பரவியிருந்தால்? பயணக் குழுக்கள் அதை ஆண்டுக்கு ஒன்றிரண்டாகப் பொறுக்கினால், நமது வரைபடத்தில் அது பரபரப்பான பொன் புழக்கமாகத் தெரியும். இது கற்பனைக் கணக்குத்தான். ஆனால் தனிக்காசு வாதம் இதுவரை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சோதிக்க வழி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் தொகுக்கப்பட்ட கெல்டியக் காசுப் படத்தொகுப்பும் பதிவுத் திட்டத்தின் படங்களும் கையில் உள்ளன. ஒரே ஊர் எல்லைக்குள், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்கள் எடுத்த ஒரே வகைக் காசுகளை அடுக்கி, அவை ஒரே அச்சில் அடிக்கப்பட்டவையா என்று பார்க்க வேண்டும். நெடுங்காலம் கைமாறிய காசுகள் கலந்துபோகும்; அடித்த சூட்டோடு சேர்த்துப் புதைத்தவற்றில் ஒரே அச்சின் காசுகள் மிகுந்திருக்கும். அச்சொற்றுமை இல்லாததால் மட்டும் புதையல் இல்லை என்று ஆகிவிடாது. பல காலத்துக் காசுகளைச் சேர்த்து வைத்த புதையல்களும் உண்டு. ஒற்றுமை இருந்தாலோ, தனிக்காசு என்ற முடிவைக் கைவிடுவதே முறை.

எண்ணிக்கை பெருகினால் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்பார்கள். பிழை எத்திசையும் சமமாகச் சிதறினால்தான் அது நடக்கும். இங்கே பிழை ஒரே பக்கம் சாய்கிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்தக் கூடாது. கோல்செஸ்டரை அடுத்த கோஸ்பெக்ஸும் அவ்வூரைச் சூழ்ந்த பழைய கோட்டை மேடுகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. அங்கே வரைபடம் வெறுமையாகவும், அப்பால் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய வயல்களில் புள்ளிகள் அடர்ந்தும் இருந்தால், அந்த வளையத்தை வரைந்தவன் கூனோபெலின் அல்லன். பொற்காசு மொத்தக் காசில் சிறு பங்குதானே என்ற ஆட்சேபம் பொருட்படுத்தத்தக்கதன்று. புழக்க வாதத்தைத் தாங்குவதே அந்தச் சிறு பங்கு. உழவு மண்ணில் ஏற்கெனவே எல்லாம் குலைந்துவிட்டது என்பதும் பழைய பல்லவி. அடுக்கு குலைந்திருக்கலாம்; இடம் முற்றிலும் குலைவதில்லை.

தனிக்காசு அனைத்தையும் நிராகரிக்கச் சொல்லவில்லை. முறையான அகழாய்வில் கிடைத்தவையும், ஒரே ஆள் நெடுநாள் தேடிக் குறிப்பு வைத்த வயலில் கிடைத்தவையும் சான்றாக நிற்கும். பயணக் குழுக்களின் நிலங்களைப் பொறுத்தவரை, ஏற்பாட்டாளர்களிடம் உள்ள வயல்வாரியான நாட்குறிப்புகளை, அவை இருக்கும் வரையிலாவது, உரிம விண்ணப்பத்தோடு கேட்டுப் பெற வேண்டும். அவற்றோடு அச்சுச் சோதனையின் முடிவும் சேரும்வரை, அந்தக் காசுகளைப் புழக்க வரைபடத்தில் வேறு நிறத்தில் குறித்து, கூட்டுத்தொகையில் சேர்க்காமல் வைப்பதே தகும்.