கண்டதும் அறிதல்: இப்னுல் ஹைதமின் ஆய்வு

'அப்ஜத்' என்று எழுதிய தாளை அரபு எழுத்தறிந்த ஒருவரிடம் காட்டினால், அவர் அலிஃப், பா, ஜீம், தால் என்று எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை. சொல்லின் உருவைக் கண்டதுமே இன்னதென அறிந்துகொள்கிறார். இந்த எளிய எடுத்துக்காட்டைக் கொண்டு பார்வையின் இயல்பை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம்.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலை ஏழு பகுதிகளாக இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என நிறுவினார். அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. ஒளியும் நிறமும் புலனுணர்வால் அறியப்படும். வடிவம், அளவு, தொலைவு ஆகியவற்றை அறியவோ பகுத்துணரும் ஆற்றல் வேண்டும் என்றார். பழகிய உருவமாயின், அவ்வாற்றல் சில அடையாளங்களைக் கொண்டே முடிவுக்கு வந்துவிடுகிறது. அதன் விரைவினால், உள்ளே ஒரு தீர்ப்பு நிகழ்ந்ததையே நாம் உணர்வதில்லை.

இதன் உடற்கூற்று அடிப்படை இருபதாம் நூற்றாண்டில்தான் துலங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹ்யூபெல், வீசல் ஆகிய இருவரும் பூனையின் மூளையை ஆராய்ந்தனர். கண்ணாடித் தகட்டிலிருந்த கரும்புள்ளிக்கு அசையாத நரம்பணு, தகட்டின் விளிம்பு நகர்ந்தபோது விழுந்த மெல்லிய நிழற்கோட்டுக்குத் துடித்தெழுந்தது. குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளுக்கும் விளிம்புகளுக்குமென்றே தனித்தனி அணுக்கள் இருப்பதை 1959இல் வெளியிட்டனர். 1981இல் நோபல் பரிசு பெற்றனர். கணநேரம் காட்டப்பட்ட படத்தில் விலங்கு உண்டா இல்லையா என்பதை மூளை ஏறத்தாழ 150 மில்லி வினாடிக்குள் வேறுபடுத்துகிறது என்பதை சைமன் தோர்ப் குழுவினர் 1996இல் காட்டினர்.

'இவையெல்லாம் நம்மவர் அன்றே சொன்னவை' என்று கூற நம் நா துடிக்கிறது. அது முறையன்று. நரம்பணுக்களை இப்னுல் ஹைதம் அறிந்திலர்; புலனுணர்வு விழிவில்லையிலேயே தொடங்குவதாகக் கருதினார். ஆனால், 'தாலமி மீதான ஐயங்கள்' என்னும் நூலில், உண்மையைத் தேடுவோர் முன்னோர் கூற்றையும் ஐயுற்று ஆராய வேண்டும் என வலியுறுத்தியவரும் அவரே.

விரைந்த பார்வை பிழைபடவும் கூடும் என்று அவர் எச்சரித்தார். நம் வரலாற்றை நாம் நோக்கும் பார்வைக்கும் அது பொருந்தும். பழகிய பெருமிதத்தைக் கண்டதும் தீர்ப்பளித்துவிடாமல், நின்று நிதானித்து நோக்குவதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை.